இடது காது

ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் ஆறல.

நான் அஞ்சாவதோட நின்னவ. சின்னசேலம் பக்கம் ஒரு மருந்துக் கல்லூரியில எலிக்கூண்டு கழுவுற வேலை. எங்க வூடு கரியாலூர் போற ரோட்டுல, மலை அடிவாரம். முதல் பஸ் ஏறிப் போவேன். தீனி வெக்கணும், தண்ணி மாத்தணும், ஈர உமியை வாரிக் கொட்டிட்டு புது உமி போடணும். பதினோரு வருஷமா இதுதான்.

அந்தத் தடவை வந்த எலிங்க வேற மாதிரி. ஆராய்ச்சி பண்ற பொண்ணுதான் சொல்லுச்சி. எலி உடம்புல ஒரு ஜீன் இருக்குது, நமக்கும் இருக்குதாம். அதோட வேலையே மத்த ஜீனை அடக்கி வெக்கிறது. வளரு வளருன்னு சொல்ற ஜீனை வாய் திறக்க வுடாதாம். அதை எடுத்துட்டா செல்லு நிக்காம வளர்ந்து கட்டி ஆயிடும். பாதி எலிக்கு அது கிடையாது, பாதிக்கு உண்டு. பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்.

அதனால அடையாளம் வெச்சோம். ஜீன் இல்லாததுக்கு இடது காதுல ஓட்டை, இருக்கறதுக்கு வலது காதுல. குட்டியிலேயே ஓட்டை போட்டவ நான்.

எனக்கு அது புதுசு இல்ல. எங்க வூட்டுல ஆடு உண்டு. காது வெட்டித்தான் எங்க ஆடுன்னு அடையாளம் வெப்போம். ஆடு முன்னால போவும், நாம பின்னால போவோம். பின்னாலேர்ந்து பாத்துதான் இடது வலது. முகத்துக்கு நேரா நின்னு பாக்கறவன் அடுத்தவன் ஆட்டை ஓட்டிக்கினு வந்துடுவான்.

மாசம் போகப் போக கட்டி வந்துச்சி. கூண்டு மாத்தறப்ப கையில தட்டுப்படும். தொடைக்கிட்ட ஒண்ணு, வயித்துல ஒண்ணு. எல்லாம் இடது காது எலி. பொண்ணுகிட்ட சொன்னேன். அப்படித்தான்க்கா வரணும்னு சிரிச்சுது. நானும் சந்தோஷப்பட்டேன்.

கடைசி நாள், எலியை அறுக்கறதுக்கு, பொண்ணுக்கு மேல இருக்கற சாரே வந்தார். அவசரம் அவருக்கு. ஒவ்வொண்ணா தூக்கி முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் காதைப் பாத்துச் சொன்னார், பொண்ணு எழுதிக்கினு இருந்துச்சி. நான் அந்தாண்ட தட்டு கழுவினேன். அவர் புடிச்சதைப் பாத்தேன். சொன்னது காதுல விழல.

ஒரு வாரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டார். மேசை மேல ஒரு தாள். எல்லாம் தலைகீழா வந்திருக்குதாம். ஜீன் இருக்கற எலிக்குக் கட்டியாம், இல்லாததுக்கு ஒண்ணும் இல்லையாம். நான் காதை மாத்தி ஓட்டை போட்டுட்டேனாம், மூணு வருஷ வேலை பாழாம். என் கவனக்குறைவுன்னு அந்தத் தாள்ல இருந்துச்சி. அதுல நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நாளையிலேர்ந்து வர வேணாம்னார்.

"இடது வலது தெரியாதவங்களை வேலைக்கு வெச்சது என் தப்பும்மா."

பொண்ணைப் பாத்தேன். அது கம்ப்யூட்டரையே பாத்துக்கினு இருந்துச்சி. எந்தக் காது எலிக்குக் கட்டி வந்துச்சின்னு அதுக்குத் தெரியும். வாயைத் திறக்கல.

ஃப்ரீசர் கிட்ட போனேன். எரிக்கற வண்டி வர்ற வரைக்கும் செத்த எலிங்க அங்கதான் பையில கிடக்கும். தொடையில கட்டி அறுத்த எலி ஒண்ணை எடுத்தேன். கொண்டாந்து அந்தத் தாள் மேலயே வெச்சேன், முகம் அவர் பக்கம்.

"ஓட்டை எந்தக் காதுங்க சார்?"

"வலது."

எலியைத் திருப்பி வாலை அவர் பக்கம் வெச்சேன்.

"இப்ப?"

அவர் எலியைப் பாத்துட்டுத் தன் இடது கையைப் பாத்தார்.

"அது எலியோட காதுங்க சார். உங்க கை இல்ல."

இன்னும் நாலு பை எடுத்தாந்தேன். பொண்ணு நோட்டை எடுத்துப் பாத்துச்சி. நாலும் அப்படித்தான், நோட்டுல காது மாறிக் கிடந்துச்சி. சார் மூஞ்சி மாறிடுச்சி. அப்ப ரிசல்ட் சரிதான், நாம நெனச்ச மாதிரியே வந்திருக்குதுன்னு பொண்ணுகிட்ட சொல்றார். என்கிட்ட, போய் வேலையைப் பாரும்மான்னார். எலிக்கு அடியிலேர்ந்து தாளை உருவப் போனார். நான் அதுமேல கை வெச்சிட்டேன்.

"இன்னாம்மா?"

"காது பாத்தது யாருன்னு இதுலயே எழுதுங்க."

அதெல்லாம் எதுக்கு, அதான் முடிஞ்சிடுச்சேன்னார். பொண்ணு எழுந்து வந்து, அக்கா வுடுங்கக்கா, சார்தான் போகச் சொல்லிட்டாரேன்னுச்சி.

"நீ பேச வேண்டியது அப்ப, பாப்பா. இப்ப இல்ல."

எங்க ஊருக்குப் போற மூணு மணி பஸ் சத்தம் கேட்டுச்சி. நான் நகரல. எலி உருகிக்கினு இருந்துச்சி. ரத்தத் தண்ணி மேசையில ஓடி அவர் புத்தகத்துக்கிட்ட போச்சு. புத்தகத்தைத் தூக்கி மடியில வெச்சிக்கினார். எலியை எடும்மான்னார். எடுக்கல.

கடைசியில எழுதினார். காதைத் தப்பாப் பாத்தது நான்தான்னு, ரெண்டு வரி. அவரே கையெழுத்துப் போட்டார். வாங்கிப் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், நேரம் ஆச்சு. அது வரைக்கும் அவரை உக்கார வெச்சேன்.

அப்புறம்தான் எலியை எடுத்தேன்.