செல்வத்தின் முழங்கை

பர் துபாயில் ஒரு ஹோட்டலுக்குள் லண்டன் பப் கட்டுகிறோம். விக்டோரியா ராணி காலத்துப் பப் மாதிரியே வேண்டுமாம். புத்தம்புதுத் தேக்குக் கவுண்டரைச் சங்கிலியால் அடித்துப் பழசாக்குவதுதான் என் டூட்டி.

போன வருஷம் வரை என் ரூமில் இருந்த செல்வம், லண்டனிலிருந்து போட்ட போட்டோவைக் காலையில் பார்த்தேன்.

நிஜமான விக்டோரியா காலத்துப் பப். நூறு வருஷத் தழும்பேறிய கவுண்டரில் முழங்கையை ஊன்றிச் சிரிக்கிறான்!

"வேலை முடிஞ்சா தினமும் இங்கதான் மச்சான்" என்று வேறு எழுதியிருந்தான்.

சைட்டுக்குப் போய், அந்த முழங்கையை நினைத்து நினைத்துச் சங்கிலியை வீசினேன்.

எஞ்சினியர் வந்து கவுண்டரைத் தடவிப் பார்த்தார். "அச்சா! இன்னிக்குத்தான்யா இதுக்கு நூறு வயசு ஆகியிருக்கு!"

வயிற்றெரிச்சலுக்கு இப்படி ஒரு உபயோகம்.

உங்களுக்கு யார் மேல்? சொல்லுங்கள். இன்னும் ஆறு மேஜை பாக்கி இருக்கிறது.