முதல் பக்கத்தின் அடியில்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டால், அன்று முழுக்க அதையே நினைத்து வெட்கப்படுகிறவள். இவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்க மாட்டார், நினைப்பார். ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி அவர் எழுதப்போவதில்லை. எங்கள் மகளுக்கு அதில் பாதி தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் டெக்சஸில், ரிச்சர்ட்சனில் இருந்தோம். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சாலையில் ஒன்றில் என் கணவருக்கு வேலை. தொலைபேசி இணைப்புகளில் நெரிசல் வரும்போது எதை முன்னே விடுவது, எதை நிறுத்திவைப்பது என்பதற்கு அவர் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். எனக்குப் புரிந்த அளவு அவ்வளவுதான்.

எங்கள் அபார்ட்மென்டில் மார்ச் மாதத்திலிருந்தே வேலை போனவர்கள் காலி செய்ய, சாமான்கள் கைமாறத் தொடங்கின. ஒருநாள் மாடி வீட்டு ஈரோட்டுக்காரப் பெண் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இதை நீங்க வச்சுக்கங்க. கார்ல எடம் இல்லீங்க."

"எங்கம்மா போறீங்க?"

"மொதல்ல கலிபோர்னியால, சன்னிவேல்ல என் தம்பி வீட்டுக்கு. அங்கயும் இதே கதைதான்னு சொல்றான். போய்ப் பாக்கோணும்."

ஏப்ரலில் என் சமையலறையில் மூன்று கிரைண்டர்கள் இருந்தன. நாலாவதாக ஒருத்தி வந்தபோது, இடமில்லை என்று சொல்லக்கூட வாய் வராமல் வாங்கி பால்கனியில் வைத்தேன். அப்புறம் பால்கனிக்குப் போகவே பிடிக்கவில்லை.

எங்கள் விசா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் ஊரைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான். மகள் பதினோராம் வகுப்பு. நாலு வயதில் வந்தவள், தமிழில் கேட்பாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஆராய்ச்சி செய்தவர்களுக்கென்று இருக்கும் பிரிவில் க்ரீன் கார்டுக்கு மனு போடலாம் என்று வக்கீல் சொன்னார். ஆனால் இரண்டு விஷயம் வேண்டும். இவருடைய கட்டுரைகளைப் பிற ஆராய்ச்சியாளர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். மனுவில் கம்பெனி சார்பாக மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் இவர் வேலையில் இருக்கும்போதே. மேனேஜர் மறுக்கவில்லை. "சான்றைக் கொண்டுவா, அன்றைக்கே போடுகிறேன்" என்று சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சான்று எங்கே இருந்தது என்றால், மாநாடுகளில் வாசித்த கட்டுரைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த ஒரு தொகுப்பில்.

"நீங்களே ஆபீஸ்ல பாத்துரலாமே" என்றேன்.

"ஆபீஸ்ல உக்காந்து என் பேரை நானே தேடினா, பின்னாடி போறவன் என்ன நெனப்பான்? ரெஸ்யூமே ரெடி பண்றான்னு நெனப்பான். நீ போயேன், யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு. வெளியாளும் உக்காரலாம்."

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"படிக்க வேண்டாம்மா. கடைசிப் பக்கத்துல என் பேர் போட்டிருக்கானான்னு பாரு, போதும். கல்யாணப் பத்திரிகை வந்ததும் நம்ம பேர் இருக்கான்னு தேடுவாங்கள்ல, அது மாதிரி."

"அதுக்கு உங்க அக்காவைத்தான் வரவழைக்கணும்."

அவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

நான் ஃப்ரீவேயில் ஓட்ட மாட்டேன். உள் சாலைகளிலேயே சுற்றிக்கொண்டு போனேன். வழியில் கம்பெனிக் கட்டடங்களின் பார்க்கிங்குகளில் வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் கார்கள் நின்றன; மீதி இடம் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. நான் நூலகத்தில் உட்கார்ந்த முதல் நாள் ஒரு புதன்கிழமை. நண்பகலில் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. புயல் எச்சரிக்கைச் சங்கைச் சும்மா சோதித்துப் பார்க்கிறார்கள். யாரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு வயதான அம்மாள் அங்கே உதவிக்கு இருந்தார். யாருடைய கட்டுரைகள் வேண்டும் என்று கேட்டார். நான் கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழகியவள் இல்லை. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் சொல்ல மாட்டோம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், கல்யாணப் பத்திரிகையில் இருந்தது போலவே: மாமனார் பெயரின் முதலெழுத்து, பிறகு அவர் பெயர். அந்த அம்மாள் அதையே தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"இதில் குடும்பப் பெயர் எது?" என்று கேட்டார்.

எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதை என் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அப்புறம்தான் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. அதில் கடைசியாக நிற்பது மாமனார் பெயர். அமெரிக்காவில் எல்லாரும் இவரை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் மாமனார் ஓர் எழுத்து, இவர் முழுப்பெயர். இந்தத் தொகுப்பில் இவர் ஓர் எழுத்து, மாமனார் முழுப்பெயர். எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை உரக்க, திரும்பத் திரும்ப, சரியாக வருகிறதா என்று கேட்டுக்கேட்டுச் சொன்னார். மாமனார் நான் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசாத மனிதர், இறந்து வெகுகாலம் ஆனவர். அவர் பெயர் அந்தக் குளிர்ந்த கூடத்தில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இம்முறை திரை நிறைய வந்தது.

அதன்பின் தினமும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனேன். இடப்பக்கம் வருஷங்கள் வரிசையாக இருக்கும். வருஷத்தைத் தொட்டால் அதற்குள் மாநாடுகள், மாநாட்டைத் தொட்டால் அமர்வுகள், அமர்வுக்குள் கட்டுரைகள். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து பட்டை பட்டையாக மெதுவாக இறங்கும். ஆசிரியர் பெயரில் மட்டும் தேடினால் அவர் எழுதியதுதான் வரும். மற்றவர்கள் அவரைச் சொல்லியிருப்பது வராது. கட்டுரை முழுவதிலும் தேட வேறு ஒரு பெட்டி இருந்தது. அதை அந்த அம்மாள் காட்டிக்கொடுத்தார். பின்னால் போகும் பொத்தானை ஒருமுறைக்கு மேல் அழுத்தினால் தேடியது மொத்தமும் போய்விடும் என்பதை நானே அழுதுகொண்டு கற்றேன்.

கட்டுரையைத் திறந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். பொடி எழுத்தில் வரிசை எண்ணிட்டு, யார் யாரிடமிருந்து எடுத்தோம் என்று போட்டிருப்பார்கள். அதில் அந்த ஓர் எழுத்தும் மாமனார் பெயரும் தென்பட்டால், இவருடைய கட்டுரையின் தலைப்புதானா என்று பார்ப்பேன். பல நேரம் இருக்காது. அதே எழுத்தும் அதே பெயருமாகத் தென்னாட்டுக்காரர்கள் எத்தனை பேர்! ஒருவர் பாலம் கட்டுகிறார், ஒருவர் இருதயத் துடிப்பை அளக்கிறார். இவருடையதாக இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுப்பேன். ஜப்பானிலிருந்து ஒருவர், இத்தாலியிலிருந்து இருவர் இவரை எடுத்தாண்டிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா" என்பார். காது மட்டும் சிவக்கும்.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. பழைய வருஷங்களைத் திறந்தால் இவர் பெயர் அடிக்கடி வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் குறைந்துகொண்டே வந்தது. கடந்த வருஷத்தில் தேடித்தேடியும் அபூர்வம். நான்தான் சரியாகத் தேடவில்லை என்று நினைத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். அவர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"நீங்கள் சரியாகத்தான் தேடுகிறீர்கள்" என்றார். தன் மேசைக்குப் போய்விட்டார்.

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அச்செடுத்த தாள்களின் கட்டு தயாராகிவிட்டது. கிளம்பும் முன் எனக்கு ஒரு யோசனை. இனிஷியல் என்றால் எங்களுக்கு விரித்து எழுத வேண்டியது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். ஓர் எழுத்தால்தானே இத்தனை அந்நியர்கள் வருகிறார்கள், விரித்துவிட்டால் இவர் மட்டும் வருவாரே என்று பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் முழுதாகத் தட்டினேன். இந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் முழுப்பெயர் போடும் வழக்கமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று வந்தது. போன மாதம் நடந்த மாநாட்டினுடையது. பயணச் செலவைக் கம்பெனி நிறுத்தியதால் மேனேஜர் மட்டும் போய்வந்த மாநாடு. கட்டுரையை எழுதியவர் இவர். திருத்தி அனுப்பியவர் மேனேஜர். முதல் பக்கத்தில் மேனேஜர் பெயர், இன்னொருவர் பெயர், மூன்றாவதாக இவர். இவர் பெயர்மேல் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அந்தக் குறிக்குப் பக்கத்தில் இவர் முழுப்பெயரைப் போட்டு, ஒரு வரி. இந்த வேலை நடந்தபோது இவர் இந்தக் கம்பெனியில் இருந்தார். இப்போது இங்கே இல்லை.

எனக்குத்தான் இங்கிலீஷ் புரியவில்லை என்று மறுபடி படித்தேன். எளிய இங்கிலீஷ்தான்.

பல வீடுகளில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. வேலை போனதைச் சொல்லாமல் காலையில் டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, பூங்காவில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தார்கள். நூலக வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அவருடைய மேசை எண்ணைப் போட்டேன். மணி அடிக்க அடிக்க, எடுக்கக் கூடாது என்றும் எடுக்க வேண்டும் என்றும் இருந்தது.

"ஹலோ" என்றார் அவர்.

"நான்தான்."

"என்னாச்சு? காரை எங்கயும் இடிச்சுட்டியா?"

"இல்ல. இருக்கீங்களான்னு பாத்தேன்."

"எங்க போவேன்? சீட்லதான் இருக்கேன். கஸ்டமர் வந்திருக்கான், அப்புறம் பேசறேன்."

அவர் சீட்டில்தான் இருந்தார். காகிதமோ, அவர் அங்கே இல்லை என்றது. இரண்டில் எது அதிகப் பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் உற்சாகமாக வந்தார். சாப்பாட்டு மேசையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கஸ்டமர் டெமோ முடிஞ்சுது. என் பார்ட் மொத்தமும் பாஸ். மேனேஜர் வந்து கை குடுத்தான். நாளைக்கு ஃபைலோட வா, காலைல மொத வேலையா உக்காந்து பேசிரலாம்னான்."

"டாட், சோ வீ ஆர் ஸ்டேயிங்?" என்றாள் மகள், தலை நிமிராமல்.

"பின்ன? நீ ஒழுங்காப் படி."

நான் தாள்கட்டைக் கொடுத்தேன். அந்த நட்சத்திரக் குறி இருந்த முதல் பக்கத்தையும் அச்செடுத்துக் கடைசியில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்து அதில் நின்றார். படத்தைத்தான் பார்த்தார்.

"இந்தப் படத்தைத் தப்பாப் போட்டுட்டான் பாரு. அம்புக்குறி தலைகீழா இருக்கு. நான் அனுப்பினப்ப சரியாத்தான் இருந்தது."

நான் மகளை உள்ளே போகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் எழுந்து போனாள். பிறகு பக்கத்தின் அடியில் விரலை வைத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தப்பா இருக்கும். வேற எதுலயோ இருந்து காப்பி பண்ணிருப்பான்."

"உங்க முழுப்பேர் இருக்குங்க."

குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது பிரின்ட்டுக்குப் போனது பொங்கலுக்கு அப்புறம்" என்றார் மெதுவாக. "மாநாடு நடக்கறப்போ நான் இருக்க மாட்டேன்னு அப்பவே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கஸ்டமர் வர்றது தள்ளிப்போச்சு. என் சிஸ்டத்தை ஓட்டிக்காட்ட வேற ஆள் இல்ல. அதான் வச்சிருந்தான்."

"டெமோ இன்னிக்கு முடிஞ்சுருச்சுன்னீங்களே."

"ஆமா. முடிஞ்சுருச்சு."

"நாளைக்குப் போகாதீங்க. உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுருங்க. திங்கக்கிழமை வக்கீலைக் கேட்டுக்கலாம்."

"லீவு போட்டா கையெழுத்து யாரு போடுவா? போனாத்தானே கேக்க முடியும். ஒருவேளை போட்டுட்டான்னா?" அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு தாளை மட்டும் கட்டிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

மறுநாள் அவர் தாள்கட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஆபீஸ் போனார். மேசையைக் காலி செய்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். மனுவில் கையெழுத்து இல்லை.