மீன்முள் கீறிய நட்சத்திரம்

தெசாங்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் கல்லறையையே தோண்டச் சொன்னாளாம். சொல்கிற வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது? தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நடந்ததை நான் சொல்கிறேன்.

மொராவா ஆற்றங்கரையில் இருந்த எங்கள் தொழிற்சாலை யுகோஸ்லாவியப் பட்டாளத்துக்குப் பொத்தான், தோள் சின்னம், தொப்பி நட்சத்திரம் எல்லாம் செய்தது. பித்தளையில் அச்சடித்து வரும் நட்சத்திரத்தில் சிவப்பு எனாமலை ஊசி முனையால் நிரப்பிச் சூளைக்கு அனுப்புவது பெண்கள் வேலை. கொஞ்சம் வழிந்தாலும் கழித்துவிடுவார்கள். யார் செய்தது என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் பின்பக்கம் ஓர் அடையாளம் கீறுவாள். நான் ஒரு கோட்டோடு சரி. தெசாங்கா மட்டும் உட்கார்ந்து மீன்முள் வரைவாள்.

"நட்சத்திரத்த விட முள்ளுக்குத்தான்டி உனக்கு நேரம் போகுது" என்பேன்.

"உனக்கு வரையத் தெரியலேன்னு சொல்லு. எதுக்கு வயித்தெரிச்சல்?" என்பாள்.

பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் அவன் தொப்பி நட்சத்திரத்தைத் தாயே செய்து கொடுப்பது எங்கள் கூடத்து வழக்கம். மேற்பார்வையாளரும் கண்டுகொள்ள மாட்டார். தெசாங்காவுக்குப் புருஷன் இல்லை. ராதிவோய் ஒரே பிள்ளை. அவன் நட்சத்திரத்தை மூன்று முறை சூளையில் வைத்து எடுத்தாள். ரத்தச் சிவப்பு. அதைக் குத்திக்கொண்டு, எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு ரயில் ஏறினான்.

அந்த வருஷமே நாடு உடைந்தது. ஒரே மேசையில் குடித்தவர்கள் ஒருவரையொருவர் சுடப் போனார்கள். எதற்கு என்று யாராவது இன்றைக்கு விளக்க வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டான்யூப் பக்கத்துச் சண்டையில் ராதிவோயின் வண்டி எரிந்தது. ஆணியடித்து மூடிய சவப்பெட்டி ஒன்று வந்தது. கூட வந்த அதிகாரி ஒரு கருகிய நட்சத்திரத்தை அவள் கையில் வைத்தார்.

"உடம்பு அடையாளம் தெரியலம்மா. இதுதான் கிடைச்சுது. சந்தேகமா இருந்தா..."

அவள் திருப்பிப் பார்த்தாள். மீன்முள்.

"என் கைய எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்புறம்தான் அலறினாள்.

சிநேகிதப் பையன்கள் நட்சத்திரத்தை மாற்றிக் குத்திக்கொள்வது பட்டாளத்தில் எப்போதும் உள்ளதுதான். என் வீட்டுக்காரரிடமே இன்னொருவன் நட்சத்திரம் இருந்தது. ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. எங்கள் கைவேலை பொய் சொல்லும் என்று எப்படித் தோன்றும்?

தெசாங்கா அந்தக் கல்லறையோடு குடித்தனம் நடத்தினாள். இறந்தோர் திருநாளுக்கு அவித்த கோதுமையும் ஒயினும் கொண்டுபோவாள். ராதிவோய்க்குப் பிடித்த இனிப்புக் கசகசா ரொட்டியும் இருக்கும். மழை பெய்தால்கூடப் போய்ப் பார்ப்பாள். தொழிற்சாலை மூடியது, எங்களுக்குத் தலை நரைத்தது; அவள் அந்த வழியை மாற்றவில்லை.

ஒரு வசந்த காலத்தில் தெற்கேயிருந்து லெப்பொசாவா என்ற பெண்மணி வந்தாள். அவள் மகன் மொமிர், ராதிவோயோடு ஒரே படைப்பிரிவில் இருந்து காணாமல் போனவன். உயிரோடு திரும்பிய ஒருவன் அவளிடம் சொல்லியிருக்கிறான்: சண்டைக்குப் போகும் அன்று காலையில் இரண்டு பேரும் நட்சத்திரத்தை மாற்றிக்கொண்டார்களாம்.

"கல்லறையத் திறந்து, எலும்ப நம்ம ரத்தத்தோட ஒத்துப் பரிசோதனை பண்ணிப் பாத்துடலாம், அக்கா" என்றாள்.

"எம் புள்ளையத் தோண்டி எடுக்கவா வந்த? வெளிய போ!" தெசாங்கா கதவைச் சாத்தினாள்.

லெப்பொசாவா போகவில்லை. கதவுக்கு வெளியிலிருந்தே பேசினாள்.

"எம் மவனுக்காக மட்டும் கேக்கலக்கா. உள்ள இருக்கறது மொமிரா இருந்தா, உங்க பையன் வேற எங்கேயோ கிடக்கிறான். அவன யாருமே தேடலியே. இத்தன வருஷமா!"

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. திறந்தவள், "தோண்டச் சொல்லு" என்றாள்.

பரிசோதனை முடிவு வந்தது. உள்ளே இருந்தவன் மொமிர்.

எலும்புகளைச் சின்னப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். வண்டியில் ஏறும் முன் லெப்பொசாவா தெசாங்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு முத்தமிட்டாள்.

"எம் மவன நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

"கசகசா ரொட்டி வெச்சேன். அவனுக்குப் புடிக்குமா?"

"இனிப்புன்னாலே புடிக்காம ஓடிருவான் அக்கா" என்றாள் லெப்பொசாவா. இருவரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை இனி நான் கேட்க வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெசாங்காவோடு கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு இடம். மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு. கீழே மணல் தட்டு இறந்தவர்களுக்கு. தெசாங்கா வழக்கம்போல் கீழே குனிந்தாள். கை அப்படியே நின்றது.

"எங்கடி வைக்கறது?" என்று என்னைக் கேட்டாள்.



"கீழ வெச்சா நானே அவனக் கொன்ன மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து மேல் தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. வாசலில் நாய் குரைத்தால் எழுந்து ஓடுவாள். புதைத்து அழுது ஆறியிருந்தவள், பிழைத்திருப்பானோ என்ற நினைப்பிலேயே உருகிப் போனாள். கண் மூடும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் மேலயே வைடி" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு மெழுகுவர்த்தி வாங்குகிறேன். தெசாங்காவுக்கு உள்ளதைக் கீழே மணலில் குத்துகிறேன். ராதிவோய்க்கு உள்ளதை மேலே வைக்கிறேன். அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குனிய மனம் வரவில்லை.