முனியாண்டி வளைவில் ஹாரன்

அந்த ஃபோரத்தில் என்னை 'பாங்' என்று கூப்பிடாத ஆளே இல்லை. மலாயில் அண்ணன் என்று பொருள். லோரி ஓட்டும் கேம் ஒன்றுக்காக இணையத்தில் கூடிய கூட்டம் அது. முக்கால்வாசிப் பேர் மலாய்க்காரப் பையன்கள். லோரி ஓட்டினால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நானும் திருத்தவில்லை. சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நாள் முழுக்க 'மிஸ், மிஸ்' என்று கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அண்ணனாக இருப்பது பிடித்துத்தான் இருந்தது.

அந்த கேமில் யாரையும் சுட வேண்டாம், யாரும் சாகமாட்டார்கள். லோரியில் சரக்கை ஏற்றி, சிவப்பு விளக்குக்கு நின்று, ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போய் இறக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அப்பாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை.

"இதத்தானே நான் காலம் பூரா செஞ்சேன். எனக்கு எவனும் பாயிண்டு குடுக்கலியே" என்பார்.

அப்பா கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இப்போது என்னோடு அம்பாங்கானில் இருக்கிறார். சோபாவும் டிவி ரிமோட்டும் அவருடையவை. கணினி வைத்திருக்கும் மூலை என்னுடையது.

அந்த கேமில் ரசிகர்களே புதிய சாலைகளை உருவாக்கிச் சேர்க்கலாம். அதற்கு மேப் என்று பெயர். எங்கள் ஃபோரத்துப் பையன்கள் நெடுஞ்சாலையைச் செய்தார்கள், டோல் சாவடியைச் செய்தார்கள், ஓய்விடத்தில் நாசி லெமாக் சோற்றுக் கடையைக்கூடச் செய்தார்கள். தோட்டத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. லோரி கேமில் தோட்டம் இல்லையென்றால் எப்படி? எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வேலை செய்கிற ஜாதி நான். உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் செம்பனை மரங்களைச் சதுரம் சதுரமாக நட்டேன். பார்த்தால் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது. தோட்டத்தில் முக்கோணமாக நடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை தெரியும். அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி நட்டேன். எலி பிடிக்க ஆந்தை வளர்ப்பார்களே, அந்தப் பெட்டிகளைக் கம்பத்தின் மேல் வைத்தேன். மழை பெய்தால் செம்மண் சாலையில் டயர் வழுக்குகிற மாதிரி செய்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல், சொந்தக்காரர்கள் திட்டத் திட்டச் செய்தேன். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தச் சேறு மட்டும் யார் செய்ததைவிடவும் என் மேப்பில்தான் நன்றாக இருக்கும். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

கடைசியாக வளைவைச் செய்தேன். எண்ணெய் ஆலைக்கு இறங்கும் வழியில் சாலை சட்டென்று திரும்பும் இடத்தில், மரத்தடியில் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், கொஞ்சம் எலுமிச்சம்பழம். முனியாண்டி கோயில். அந்த வளைவில் எந்த லோரி வந்தாலும் ஹாரன் அடிக்கும். இரண்டு சின்னது, ஒரு நீளம். சாமியிடம் சொல்லிக்கொண்டு போவதற்கா, எதிரே வருகிற வண்டிக்கு எச்சரிக்கையா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் அப்பாவின் லோரியில்தான் போவேன். வளைவு வந்ததும் அவர் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். ஹாரன் என் வேலை.

மேப்பை வெளியிட்ட வாரமே ஃபோரத்தில் அதற்காக ஒரு கான்வாய் வைத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேமுக்குள் வந்து வரிசையாக ஓட்டுவதுதான் கான்வாய். அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. முந்தக்கூடாது, இடைவெளி விட வேண்டும், முக்கியமாக ஹாரன் அடிக்கக்கூடாது. ஆளாளுக்கு அடித்தால் காது கிழியும், நியாயம்தான். எனக்கும் தெரியும். ஆனால் வளைவு வந்தது, சூலம் தெரிந்தது, விரல் தானாகப் போய்விட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம்.

திரை கறுத்தது. அட்மின் என்னை வெளியே தள்ளிவிட்டான். என் மேப்பிலிருந்து என்னையே!

நான் பொங்கினேன். அவன் மலாயில் அமைதியாகப் பதில் எழுதினான்: "பாங், ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான். மேப் செஞ்சவருக்குத் தனி ரூல்ஸ் இல்ல." அது பழக்கம், அங்கே கோயில் இருக்கிறது, எல்லா லோரியும் அடிக்கும் என்று நான் விளக்கம் எழுதினேன். அங்கேதான் வினை. கோயில் என்ற சொல்லைப் பார்த்ததும் யாரோ ஒருவருக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்துவிட்டது. இனம், மதம், அரசியல் ஃபோரத்தில் கூடாது. கோயில் மதமா, வெறும் கட்டடமா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அட்மின் தீர்ப்பு எழுதினான். கோயிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பை வைத்தால் மேப் இருக்கலாம். இல்லாவிட்டால் ஃபோரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும்.

"மூஞ்சி ஏன் உம்முனு இருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"முனியாண்டி கோயில எடுக்கச் சொல்றாங்கப்பா."

"எங்க?"

"கேம்ல."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "கேம்லயுமா?" என்றார்.

அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. நான் மேப் செய்யத் தொடங்குவதற்கு முன்பே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடமைப்புப் பகுதிக்காகச் சாலையை நேராக்கி, முனியாண்டியைத் தூக்கி வேறொரு மூலையில் வைத்தார்கள். நிஜத்தில் அந்த வளைவு இப்போது இல்லை. என் மேப்பில் மட்டும்தான் இருந்தது. அதையும் பஸ் ஸ்டாப் ஆக்க நான் என்ன மடச்சியா?

"கோயில் இல்லாமல் அந்த வளைவு இல்லை, வளைவு இல்லாமல் என் மேப் இல்லை" என்று எழுதினேன். எல்லாவற்றையும் இறக்கினேன். கணக்கையும் மூடினேன்.

அதற்குப் பிறகு மேப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக அலைந்தேன். இந்தோனேசியக் குழு ஒன்றில் நேர்மாறான தொல்லை. அவர்களுக்கு ஹாரன் என்றால் உயிர். முனியாண்டிக்குப் பாட்டு ஹாரன் வைக்கலாமே என்றார்கள். வேண்டாம் லா, சாமி பயந்துவிடும் என்றேன். ஐரோப்பிய ஓட்டுநர்கள் நிறைந்த இன்னொரு இடத்தில் எல்லாரும் படு மரியாதை. கம்பத்தின் மேல் எதற்குத் தபால் பெட்டி என்று கேட்டார்கள். அதில் ஆந்தை குடியிருக்கிறது என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார்கள். விளக்கிச் சொன்ன பிறகு நான் அங்கே 'ஆந்தைக்காரர்' ஆகிவிட்டேன். கோயிலை எடு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டட்டும் என்று மேப்பை அவர்களிடம் விட்டேன். பிறகு கிளினிக்கில் பொறுப்பு கூடியது, அப்பாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. விளையாட்டு நின்றுபோனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா எட்டிப் பார்த்தேன். பழைய ஃபோரம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. ஆட்களெல்லாம் இப்போது பேசிக்கொண்டே விளையாடும் ஒரு சர்வரில் இருந்தார்கள். புதுப் பெயரில் நுழைந்தேன். கான்வாய் புறப்படத் தயாராக இருந்தது. விதிகளைக்கூடப் படிக்காமல் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

டோல் தாண்டி உள்சாலையில் திரும்பியதும் தெரிந்துவிட்டது. முக்கோணமாக மரங்கள். கம்பத்தின் மேல் பெட்டிகள். என் சேறு! யாரோ ஆலையைப் பெரிதாக்கி, புகை வேறு விட்டிருந்தார்கள். நன்றாகவே செய்திருந்தார்கள். எனக்கு ஆலையா முக்கியம்? வளைவில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாப் இருந்தால் கணினியை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தகரக் கூரை தெரிந்தது. பிறகு சூலம் தெரிந்தது. என் விரல் போனது; ஒருமுறை சூடுபட்ட விரல், பாதியில் நின்றுவிட்டது. அப்போது முன்னால் போன முதல் லோரி ஹாரன் அடித்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். அடுத்த லோரியும் அடித்தது. அதற்கடுத்ததும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை முழுக்க அடித்துக்கொண்டே வளைந்து இறங்கியது. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா போனேன்.

உடனே அட்மினின் எச்சரிக்கை திரையில் வந்தது: "பாங், அந்த வளைவில ஹாரன் அடிக்கணும். ரூல்ஸ் படிக்கலியா?"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த விதியை யார் போட்டது என்று கேட்டேன். நான்தான் என்று எழுதினான். பழைய ஃபோரத்தில் தான் ஒரு அண்ணனைத் துரத்திவிட்டதாகவும், பிறகு அதை, எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ரந்தாவில் லோரி ஓட்டிய தன் அப்பாவிடம் சொன்னபோது, "அந்த வளைவா? நானும் அடிப்பேனே" என்று அவர் சொன்னதாகவும் எழுதினான். எங்கெங்கோ தேடி மேப்பைக் கண்டுபிடித்தானாம்.

"அந்த பாங் நான்தான்" என்று தட்டினேன். "பாங் இல்லை, அக்கா."

அவன் உடனே கான்வாயை நிறுத்தி, என் லோரியை முன்னுக்கு வரச் சொன்னான். எல்லா லோரிகளும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டன. கிளினிக்கில் எனக்கு வருடாவருடம் நல்ல ஊழியர் சான்றிதழ் தருகிறார்கள். இந்தப் பெருமைக்கு அது உறை போடக் காணாது.

இரண்டாவது சுற்றை நான்தான் நடத்தினேன். வளைவு வந்தது. அடித்தேன். பின்னால் அத்தனை லோரிகளும் அடித்தன. ஸ்பீக்கர் அலறியது.

சோபாவில் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கை நெஞ்சில் இருந்தது.

"முனியாண்டி வளைவா?" என்றார்.

"ஆமாப்பா."

ஹாரன் இன்னும் ஓயவில்லை. அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தன லோரி வருதே. எல்லாம் நம்ம ஆளுங்களா?"

ஜாவாக்காரன், மணிலாக்காரன், போலந்துக்காரன், ரந்தாவ் மலாய்க்காரன் என்று திரையில் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"ஆமாப்பா" என்றேன். "எல்லாம் நம்ம ஆளுங்கதான்."