குழி மூடும் வேலுத்தாய்

"இது ரத்தினசாமி வெட்டுனது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வேலுத்தாய் மண்ணைக் குழிக்குள் தள்ளினார். "கொத்தனாருல்ல, புதையலுக்கு வெட்டுனாலும் மூலைமட்டம் பாத்துத்தான் வெட்டுவான். அந்தா, முழங்காலு ஆழத்துல ரெண்டு கெடக்குல்ல, அது பெத்தணன். பொண்டாட்டி வஞ்சு அனுப்பியிருப்பா. ஒரு பீடிக்கு ஒரு குழி. அம்புட்டுத்தான் அவன் பாடு."

2007-இல் ஒரு நாள், காலை ஆறு மணி. வெம்பக்கோட்டை அணையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது சாவடிமேடு. சாவடியும் இல்லை, ஊரும் இல்லை. சீமைக்கருவேலமும் உடைந்த ஓடுகளும்தான். ஒரு காலத்தில் அங்கே பெரிய ஊர் இருந்ததாம். காலராவோ படையோ வருகிறதென்று, அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க அத்தனை சனமும் கிளம்பிப் போய்விட்டதாம். தூக்க முடியாத பொன்னை ஏழு பானைகளில் போட்டுப் புதைத்துவிட்டுப் போனார்களாம். காலராவா படையா என்பதில் சண்டை உண்டு. ஏழு பானை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை.

வேலுத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறார். ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதற்குள் புதுக் குழிகளை மூடியாக வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் மழைத்தண்ணீர் நிரம்பிய குழியொன்றில் அவருடைய சினையாடு விழுந்து செத்துப்போனது. நேராக ரத்தினசாமி வீட்டு வாசலில் போய் நின்றார். "நான் எதுக்கு அங்கன போறேன் அக்கா?" என்றாராம் அவர், நகக்கண் முழுக்க மண்ணோடு. மறுநாளே வேலுத்தாய் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். பாதிக் குழி நிரம்பியதும் உள்ளே இறங்கி நன்றாக மிதிப்பார். வெட்டியவனை ஏசுவது அந்த மிதிக்குத் தாளம்.

ஊர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது: "எடுத்தத மறைக்கத்தான் மூடுறா." 2005 தீபாவளி போனசில் அவர் ஒரு மிக்சி வாங்கினார். காலையில் அது உறுமிய சத்தத்தில் ஊருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அடுத்த தையில் மகள் மாரிசெல்வியைப் பெண் கேட்டுச் சிவகாசியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை புகழேந்திக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. இவர்களைவிட ஒரு படி வசதியான குடும்பம். மாரிசெல்விக்குப் பையனைப் பிடித்துவிட்டது. காபி கொடுத்தவள் உள்ளே போகாமல் கதவோரமே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா சுப்புலட்சுமி, தட்டிலிருந்த சேவைத் தொடாமல் தொண்டையைச் செருமினார்.

"மதினி, அந்த மேட்டு விசயம் நாலு பேரு நாலு விதமாச் சொல்றாக. பானை கெடச்சது நெசந்தானா?"

சும்மா சிரித்து வைத்திருந்தால் போதும், அன்றைக்கே பூ வைத்திருப்பார்கள். வேலுத்தாய்க்கும் அது தெரியும். கதவோரம் நின்ற மகளை ஒருமுறை பார்த்தார்.

"கெடச்சது நெசந்தான் மதினி. எவனோ வெட்டிப்போட்ட குழியில வாய் ஒடஞ்சு கெடந்துச்சு. உள்ள எலும்பு. பொட்டுத் தங்கம் இல்ல. அங்கனயே வச்சு மூடிட்டேன். எங்கிட்ட இருக்கது நாலு ஆடும் ஒரு மிக்சியுந்தான்."

சுப்புலட்சுமி எழுந்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்."

மாரிசெல்வி இரண்டு நாள் தாயிடம் பேசவில்லை. வேலுத்தாய் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. இதை அவர் சொல்லவில்லை, மகள் சொன்னாள்.

எட்டாம் நாள் புகழேந்தி மட்டும் பைக்கில் வந்தான். "அம்மாவுக்குக் கோவந்தான் அத்தை. ஆனா ஒண்ணு சொன்னாக. 'அந்தப் பொம்பள பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்லே'ன்னாக. நாள் பாக்கச் சொல்லிட்டாக."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டுக்கு வந்தால் சுப்புலட்சுமி இப்போதும் மேட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறார். காற்று வாங்கவாம்.

"வெறும் எலும்பு மட்டும்தானா?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

வேலுத்தாய் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஒரு சங்கு வளையல் இருந்துச்சு அண்ணாச்சி. எலும்போடயே கெடந்துச்சு. சின்னப்பிள்ள போல."

எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாக்கிக் காட்டினார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தவர், வட்டத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினார்.