உடும்பு வாங்கப் போன சனிக்கிழமை

2019ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. சுவிசில், ஆரா நகரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நானும் கணவரும் எங்கள் ஏழு வயது மகளும் காரில் போனோம். ஒரு சின்ன உடும்பு வாங்கத்தான்.

சிரிக்காதீர்கள். மகளுக்கு ஆஸ்துமா. நாய், பூனை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், வாலெல்லாம் முள்ளாக இருக்கும் குட்டை உடும்பைப் பார்த்துவிட்டு வந்தவள், அதுதான் வேண்டுமென்று உடும்புப் பிடியாகவே நின்றாள். முழுதாக வளர்ந்தாலும் என் கை நீளத்தைத் தாண்டாத அவுஸ்திரேலிய இனம். நான் வழக்கம்போலப் பயந்து பயந்து வாசித்தேன். கடிக்குமா, கிருமி தொற்றுமா, விளக்குச் சூட்டில் வீடு பற்றுமா? ஒவ்வொரு இரவும் ‘ஓம்’ என்று தீர்மானித்து, காலையில் ‘வேண்டாம்’ என்று மாறினேன். கணவரிடம் கேட்டால், “உம்மட விருப்பம்” என்பதோடு நிறுத்திவிடுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வன்னியிலிருந்து, யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சுவிசுக்கு வந்தவர். நான் கைக்குழந்தையாக வந்து இங்கேயே படித்து வளர்ந்தவள். அவருக்கு டொச், இங்கத்தைய ஜெர்மன் மொழி, ஓரளவு விளங்கும், கதைக்க வராது. டாக்டரிடம், அலுவலகங்களில், எங்கு போனாலும் அவர் தமிழில் சொல்ல நான் டொச்சில் சொல்வேன். வன்னியைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கதைகள் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று மட்டும் கல்யாணமான புதிதில் கேட்டுக்கொண்டேன்.

உடும்பு வளர்த்து விற்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிகளால் நிறைந்த வெப்பமான அறையில் எங்களை உட்காரவைத்து நிறையக் கேள்விகள் கேட்டாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பதினைந்து வருடம்கூட உயிரோடு இருக்குமே, சம்மதமா? பொருத்தமில்லாத வீட்டுக்குக் கொடுக்க மாட்டாள் என்பது விளங்கியது. பரீட்சைக்கு வந்தவள்போல நான் பதில் சொன்னேன்.

பிறகு மூடியைத் திறந்தாள். குட்டிகளில் ஒன்று சட்டென்று விளிம்பில் ஏறி வெளியே பாய்ந்தது. என் கணவரின் கை அசைந்ததை யாரும் காணவில்லை. அடுத்த கணம் அது அவர் கையில் இருந்தது. ஒரு கை கழுத்தை, மறு கை வாலின் அடியை இறுக்கியிருந்தது. அதன் வாய் பிளந்திருந்தது. அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் அதை மெல்ல வாங்கிப் பெட்டிக்குள் விட்டாள். அது ஒரு கல்லிடுக்குக்குள் புகுந்து, முள்வாலால் வாசலை அடைத்துக்கொண்டது. இப்படிப் பிடிக்க எங்கே பழகினார் என்று அவள் என்னிடம் கேட்டாள்.

கணவர் தன் கைகளைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

“கடைசி மாதங்களில நாங்கள் உடும்பைப் பிடிச்சுத் திண்டனாங்கள். வேற ஒண்டும் இருக்கேல்லை. சொல்லும் அவவுக்கு.”

நான் சொல்லவில்லை. சின்ன வயதில் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறாராம் என்று டொச்சில் சொல்லிப் புன்னகைத்தேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான் என்பதை அந்த நிமிடம் மறந்துபோனேன். இல்லை, அப்பா அதைச் சாப்பிட்டதாகத்தான் சொன்னார் என்று அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொன்னாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“ஏன் அப்பா?”

“பசி, குஞ்சு. பெரியப்பான்ர பிள்ளையள் சின்னன். அதுகள் அழுததுகள்.”

“இப்ப பசிக்குதோ?”

“இல்லையம்மா. இப்ப இல்லை.”

அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் படங்களில் அப்படி யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியாக இத்தனை வருடம் இருந்தும் அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு அப்போது பசித்தது, இப்போது பசிக்கவில்லை என்று மகளே டொச்சில் சொல்லி முடித்தாள். இனி எங்களுக்கு உடும்பு கிடைக்காது என்றே நினைத்தேன். அந்தப் பெண் பெட்டியின் மூடியை மறுபடி திறந்தாள். பிறகு என் கணவரின் கையை எடுத்து, உள்ளங்கை மேலே இருக்கும்படி பெட்டியின் மணலில் வைத்தாள். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து, கீழே கிடக்கும் கை வெறும் தரை என்றாள். அவர் அசையாமல் வைத்திருந்தார். எதுவும் வரவில்லை.

எது வேண்டும் என்று கேட்டபோது, மகள் கல்லிடுக்கில் தெரிந்த முள்வாலைக் காட்டினாள். அது பயந்துபோய் இருக்கிறதே, வேறொன்றைப் பார் என்றேன்.

“அது அப்பாவுக்குப் பயப்பிடுது. இஞ்சயே விட்டிட்டுப் போனா எப்பவும் அப்பிடித்தான் நினைக்கும்” என்றாள்.

அதைத்தான் கொண்டுவந்தோம். அந்த மாரிக்காலக் குளிர் முழுக்க, வேலையால் வந்ததும் அவர் சாப்பிடாமல் முதலில் பெட்டிக்குள் கையை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். வசந்தத்தில் ஒரு நாள் அது அவர் விரலிலிருந்து வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையிலேயே படுத்துவிட்டது. “இஞ்ச வந்து பாருமன்” என்று மெல்லிய குரலில் என்னைக் கூப்பிட்டார். அன்று இரவுதான் அண்ணனின் பிள்ளைகளுடைய பெயர்களை எனக்குச் சொன்னார்.

நான் இன்றும் பயந்தவள்தான்; பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவள்தான். ஆனால் டாக்டரிடமோ அலுவலகத்திலோ அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது காத்திருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்காமல் அப்படியே சொல்கிறேன்.