போட்டோ கழுவிய தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் லைன் வீட்டின் மாடியில் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான ஆள். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பேறியிருக்கும். குளியலறையை இருட்டாக்கி பிலிம் கழுவுவார். கழுவிய மருந்தைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, சென்னையில் ஒரு லேபில் கொடுத்துவிட்டு வருவார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் பழுதாகிக் கிடந்த அடிபம்பில் அன்று தண்ணீர் வந்தது. அவருக்கும் பிடித்து வைக்கலாமே என்று, படியிலிருந்த அவருடைய கேனை எடுத்து, உள்ளேயிருந்த பழைய தண்ணீரைக் கொட்டப் பம்படியில் சாய்த்தேன்.

"அண்ணே, ஊத்தாதீங்க!"

மாடிக்காரர் ஓடிவந்து கேன் வாயை உள்ளங்கையால் அடைத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இறக்கினார். "இன்னாய்யா அது?"

"போட்டோ கழுவுன மருந்துக்கா. குடிக்கிற தண்ணில சேரக் கூடாது."

"கம்பெனிக்காரன் ஊத்துறது பத்தாதுன்னு நீ வேறயா? மேல எழுதி வெச்சா இன்னா? பாவம், இவருக்கு எப்பிடித் தெரியும்?"

கேனில் என் பக்கமாகச் சிவப்பு மையில் பெரிதாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவன். மாடிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எழுதலக்கா. என் தப்புதான்."

"ஊட்டு ஓனர் வரட்டும், உன்னைக் காலி பண்ண வெக்கிறேன்!"

அவர் எழுத்திருந்த பக்கத்தைத் தன் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு படியேறினார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார்.

இங்கிலீஷில் எழுதியதைத்தான் தப்பு என்றாரா, எனக்காகப் பொய் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.